குண்டலினி யோகம்: எழுச்சியும் ஒடுக்கமும்

விநாயகர் அகவலைப் புத்தகம் பாராமல் சொல்லக்கூடியவர்கள் தமிழரிடையே ஏராளம். ஆனால் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்க்கு, அதன் நடுவில் வரும் "மூலா தாரத்தின் மூண்டெழு கனலைக் காலால் எழுப்பும் கருத்தறி வித்தே" என்ற அடிகளும் மற்றவற்றைப் போலவே வழுக்கிக்கொண்டு போய்விடுகின்றன. கனலைக் காலால் எழுப்புவது எப்படி என்று ஒரு கணம் நின்று கேட்டால்தான் அங்கே வேறொரு செய்தி இருப்பது தெரியும். கால் என்பது இங்கே பாதம் அன்று, காற்று. கால் என்ற சொல்லுக்குக் காற்று என்ற பொருள் பழந்தமிழில் உண்டு. யோகம் பேசுகிற இடத்தில் அந்தக் காற்று மூச்சாகிறது. உடலின் அடித்தளத்தில் மூண்டு எழக் காத்திருக்கும் ஒரு நெருப்பை, துருத்தியால் உலைத்தீயை ஊதுவதைப் போல மூச்சினால் எழுப்பும் நுட்பத்தைத் தமக்குக் கற்பித்ததாக ஔவையார் விநாயகரைப் போற்றுகிறார். அதற்கு முந்தைய அடிகளில் "குண்டலி யதனிற் கூடிய அசபை" என்று பெயரையே சொல்லிவிடுகிறார். ஆக, குண்டலினி யோகத்தின் சுருக்கமான பாடம் ஒன்று பிள்ளையார் துதியின் வடிவில் நம் காதில் நெடுநாளாக விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

இன்று இந்தச் சொல் பெரும்பாலும் வேறு சூழல்களில் காதில் விழுகிறது. நினைவாற்றல் பெருகும், முதுமை தள்ளிப்போகும், எண்ணியது கைகூடும் என்றெல்லாம் சொல்லி, உள்ளே முடங்கிக் கிடக்கும் ஒரு மின்சாரத்தை முடுக்கிவிடும் உத்தியாகவே குண்டலினி அறிமுகப்படுத்தப்படுகிறது. இந்த அறிமுகம் முழுப் பொய் என்று சொல்ல முடியாது. பழைய நூல்களும் உடல் வன்மையையும் சித்திகளையும் பற்றிப் பேசத்தான் செய்கின்றன. ஆனால் அவை வழியில் வருபவை. போய்ச் சேர வேண்டிய இடமாக அந்நூல்கள் காட்டுவது வேறு. 'எழுப்புதல்' என்ற வினை முன்னுக்கு வந்து, அதற்கு இணையாக நிற்க வேண்டிய 'ஒடுங்குதல்' என்ற வினை மறைந்து போனதுதான் இந்த யோகத்தைப் பற்றிய இக்காலப் பேச்சின் முதற்குறை என்று எனக்குத் தோன்றுகிறது.

குண்டலம் என்றால் வளையம். காதில் அணியும் வளையத்துக்கும் அதுவே பெயர். குண்டலினி என்பது வளையமாகச் சுருண்டிருப்பவள் என்று பொருள்படும் பெண்பாற் சொல். மூலாதாரத்தில் மூன்றரைச் சுற்றாகச் சுருண்டு, தன் வாயினால் சுழுமுனை நாடியின் வாயிலை அடைத்தபடி உறங்கும் பாம்பாக அவளை நூல்கள் வருணிக்கின்றன. உடலில் 72,000 நாடிகள் உண்டு என்பது மரபான கணக்கு. அவற்றுள் மூன்றுதான் இந்த யோகத்துக்கு முதன்மையானவை: இடப்பக்கம் சந்திரனின் குளிர்ச்சியோடு ஓடும் இடகலை, வலப்பக்கம் சூரியனின் வெப்பத்தோடு ஓடும் பிங்கலை, இரண்டுக்கும் நடுவில் முதுகந்தண்டின் வழியே உச்சி வரை செல்லும் சுழுமுனை. நம் அன்றாட மூச்சு முதல் இரண்டில் மாறி மாறி ஓடுகிறது. நடுவழி அடைபட்டுக் கிடக்கிறது. அந்த அடைப்பு நீங்கி, மூச்சும் அதோடு பிணைந்த மனமும் நடுவழியில் புகுவதையே குண்டலினி எழுந்தாள் என்கிறார்கள்.

ஏன் பாம்பு? உறங்கும் பாம்பு செத்துக் கிடக்கவில்லை; சுருண்டிருக்கும் உடலில் நிமிர்வதற்கான விசை முழுவதும் அடங்கியிருக்கிறது. இது எளிதில் விளங்கும் பொருள். இதற்கு மேலும் ஒன்று உண்டு. 15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் இயற்றிய ஹட யோக பிரதீபிகை தன் மூன்றாம் அதிகாரத்தைத் தொடங்கும்போதே, மலைகளோடும் காடுகளோடும் கூடிய நிலவுலகை ஆதிசேடன் தாங்குவதைப் போல எல்லா யோகங்களையும் குண்டலினி தாங்குகிறாள் என்கிறது. அதாவது உறங்கும்போதும் அவள் சும்மா இருக்கவில்லை, நம்மைத் தாங்கிக்கொண்டிருக்கிறாள். அதே நூல் இன்னோரிடத்தில், இப்படி உறங்கும் சக்தி யோகியருக்கு விடுதலையையும் அறியாதவருக்குத் தளையையும் தருவதாகச் சொல்கிறது. கட்டுவதும் அவிழ்ப்பதும் ஒரே சக்திதான் என்னும் இந்தக் கருத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

இந்தக் கருத்தின் வேர் படைப்பைப் பற்றிய தாந்திரிக, சைவ, சாக்தக் கொள்கைகளில் இருக்கிறது. சிவமும் சத்தியும் பிரிவற்றிருக்கும் நிலையிலிருந்து சத்தி படிப்படியாக இறங்கி வருகிறாள். மனமாகிறாள், பிறகு வெளியாகவும், வளியாகவும், தீயாகவும், நீராகவும், கடைசியில் நிலமாகவும் திரள்கிறாள். நுண்மையிலிருந்து பருமைக்கு வருகிற இந்தப் பயணத்தில் நிலமே கடைசிப் படி. அதற்குக் கீழே இறங்க இடமில்லாததால், எஞ்சிய சத்தி அங்கேயே சுருண்டு ஓய்கிறாள். குண்டலினியின் உறக்கம் என்பது இந்த ஓய்வுதான். உடல் தோன்றிவிட்டது, உலகம் தோன்றிவிட்டது, நான் என்றும் எனது என்றும் சொல்லிக்கொள்ள ஓர் உயிரும் வந்துவிட்டது, படைப்புவேலை முடிந்தது. அப்படியானால் எழுச்சி என்பது என்ன? இறங்கிய அதே படிகளில் திரும்பி ஏறுவது. நிலம் நீரில் கரைய, நீர் தீயில் கரைய, தீ வளியிலும் வளி வெளியிலும் கரைய, வெளி மனத்திலும் மனம் தன் மூலத்திலும் அடங்க, தொடங்கிய இடத்துக்கே சத்தி போய்ச் சேருகிறாள். இந்த யோகத்துக்கு லய யோகம் என்ற பெயரும் வழங்குவது இதனால்தான். லயம் என்றால் ஒடுக்கம்.

சக்கரங்கள் என்றும் சொல்லப்படும் ஆறு ஆதாரங்களையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மூலாதாரம் நான்கு இதழ்த் தாமரை, அதன் பூதம் நிலம். சுவாதிட்டானம் ஆறு இதழ், நீர். மணிபூரகம் பத்து இதழ், தீ. நெஞ்சில் உள்ள அநாகதம் பன்னிரண்டு இதழ், வளி. தொண்டையில் உள்ள விசுத்தி பதினாறு இதழ், வெளி. புருவ நடுவில் உள்ள ஆக்கினை இரண்டு இதழ், அங்கே மனம். ஒவ்வொரு பூதத்துக்கும் ஒரு வித்தெழுத்து உண்டு; நிலத்துக்கு லம், நீருக்கு வம், தீக்கு ரம், வளிக்கு யம், வெளிக்கு ஹம். இதழ்களைக் கூட்டிப் பாருங்கள்: நான்கு, ஆறு, பத்து, பன்னிரண்டு, பதினாறு, இரண்டு, மொத்தம் ஐம்பது. வடமொழி எழுத்துகளின் மரபான எண்ணிக்கையும் ஐம்பதே. ஓர் இதழுக்கு ஓர் எழுத்தாக அவை பொறிக்கப்பட்டிருக்கின்றன. எனவே மேலேறும் குண்டலினி ஐம்பூதங்களை மட்டுமல்லாமல், சொல்லையும் ஒடுக்கிக்கொண்டு போகிறாள். உலகம் என்பது பொருளும் சொல்லும் சேர்ந்தது என்று கண்ட ஒரு மரபு, இரண்டையும் ஒருசேரக் கரைப்பதற்கு வரைந்த வரைபடம் இது. உச்சியில் உள்ள ஆயிரம் இதழ்த் தாமரையை இந்த ஆறோடு சேர்த்து எண்ணாமல் தனியே வைப்பதும் கவனிக்கத் தக்கது. அது போய்ச் சேரும் இடம்.

இந்த வரைபடம் எல்லா நூல்களிலும் ஒன்றுபோல் இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் குண்டலினி என்ற சொல்லே இல்லை; நாபிச் சக்கரத்தைப் பற்றியும் தலையில் உள்ள ஒளியைப் பற்றியும் ஓரிரு குறிப்புகள் மட்டுமே உண்டு. இன்று பரவலாக அறியப்பட்ட ஆறு சக்கர முறை குப்ஜிகா என்னும் தேவியின் வழிபாட்டைச் சேர்ந்த தந்திர நூல்களின் வழியே வலுப்பெற்றது. கோரக்கர் வழிவந்த நாத யோகியரின் நூல்களில் ஒன்பது சக்கரங்களைச் சொல்பவையும் உண்டு. தேவியைப் போற்றும் வடமொழித் துதியான சௌந்தரிய லகரியின் 9ஆம் சுலோகம் மணிபூரகத்தில் நீரையும் சுவாதிட்டானத்தில் தீயையும் வைக்கிறது. அதாவது மேலே சொன்ன வரிசை அங்கே இடம் மாறியிருக்கிறது. 1577ஆம் ஆண்டில் பூர்ணானந்தர் எழுதிய நூலின் ஒரு பகுதிதான் ஷட்சக்கர நிரூபணம். கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த ஜான் உட்ராஃப், ஆர்தர் அவலான் என்ற புனைபெயரில் 1919இல் அதை ஆங்கிலத்தில் வெளியிட்ட பிறகு, பல வடிவங்களுள் ஒன்றாக இருந்த அது உலகெங்கும் ஒரே வடிவமாக நிலைத்துவிட்டது. ஏழு சக்கரங்களுக்கு வானவில்லின் ஏழு நிறங்களைத் தீட்டும் படங்கள் அதற்கும் பிந்தியவை. 20ஆம் நூற்றாண்டு மேற்கத்திய நூல்களின் கைவரிசை. இன்றைய படங்களில் பச்சையாகக் காணப்படும் அநாகதத்தைப் பூர்ணானந்தர் பந்தூக மலரின் சிவப்பில் வருணிக்கிறார்.

நூலுக்கு நூல் எண்ணிக்கையும் இடமும் நிறமும் மாறுவதைக் கண்டு, எல்லாமே கற்பனை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆரிய சமாஜத்தை 1875இல் நிறுவிய தயானந்த சரசுவதி தம் இளமைத் துறவுக் காலத்தில் செய்ததை அவரே எழுதிவைத்திருக்கிறார். ஹட யோக பிரதீபிகை உள்ளிட்ட சில யோக நூல்களை அவர் கையோடு வைத்திருந்தார். அவற்றில் கண்ட நாடி, சக்கர விவரங்களில் அவருக்கு ஐயம் இருந்தது. ஒருநாள் கங்கையில் ஒரு பிணம் மிதந்து வந்தது. நீரில் இறங்கி அதைக் கரைக்கு இழுத்துவந்து, கத்தியால் அறுத்து, நெஞ்சையும் தலையையும் கழுத்தையும் நூல்களில் சொன்னபடி ஒப்பிட்டுப் பார்த்தார். எதுவும் பொருந்தவில்லை. நூல்களைக் கிழித்து, பிணத்தோடு சேர்த்து ஆற்றிலேயே எறிந்துவிட்டார். அந்த நேர்மையையும் துணிவையும் மெச்சாமல் இருக்க முடியாது. ஆனாலும் கத்திக்கு அகப்படுவது பரு உடல் மட்டுமே. ஆதாரங்கள் நுண்ணுடலைச் சேர்ந்தவை, தியானத்தில் அமைத்துக்கொள்ளப்படுபவை என்பதுதான் இம்மரபின் நிலை. தாமரை இதழ் தசையில் இருக்கும் என்று அது சொல்லவில்லை. தயானந்தருக்கு நேர் எதிர்ப்பக்கம் நின்று இதே தவற்றைச் செய்தவர்களும் உண்டு. மருத்துவரான வசந்த் ரேலே 1927இல் வெளியிட்ட நூலில், குண்டலினி என்பது மூளையிலிருந்து வயிறு வரை செல்லும் வேகஸ் நரம்பின் வலப்பக்கக் கிளைதான் என்று நிறுவ முயன்றார். குண்டலினிக்கு அறிவியல் மதிப்புத் தேடித் தரும் ஆர்வம் அதில் இருந்தது. ஆனால் உலகைப் படைத்து ஒடுக்கும் சத்தி ஒரு நரம்பாகச் சுருங்கிப் போனாள்.

பயிற்சிக்கு வருவோம். இயமம், நியமம் என்ற ஒழுக்கங்களும் ஆசனமும் முன்னேற்பாடு. அடுத்து நாடி சுத்தி. இடம் வலமாக மூச்சை மாற்றி விட்டு நாடிகளைத் துப்புரவாக்குவது. பிறகுதான் மூச்சை நிறுத்தும் கும்பகம். திருமூலர் இதற்குக் கணக்கே தருகிறார்: இடப்பக்கம் உள்ளிழுப்பது பதினாறு மாத்திரை, உள்ளே நிறுத்துவது அறுபத்து நான்கு, வெளிவிடுவது முப்பத்திரண்டு. மாத்திரை ஒன்றை ஒரு நொடி என்று கொண்டாலே, ஒரே மூச்சு ஏறத்தாழ இரண்டு நிமிடங்களுக்கு நீள்கிறது. அதில் ஒரு நிமிடத்துக்கு மேல் மூச்சு அசையாமல் நிற்க வேண்டும். தனியே உட்கார்ந்து இதைச் செய்துபார்க்கப் புகுந்தவருக்கு, "காற்றைப் பிடிக்கும் கணக்கறி வாரில்லை" என்று அவர் ஏன் சலித்துக்கொண்டார் என்பது சில சுற்றுகளிலேயே புரிந்துவிடும். சிங்கத்தையும் யானையையும் புலியையும் எப்படி மெல்ல மெல்லப் பழக்குகிறோமோ அப்படியே மூச்சையும் பழக்க வேண்டும், இல்லையேல் அது பழக்குபவனையே கொன்றுவிடும் என்று ஹட யோக பிரதீபிகையும் எச்சரிக்கிறது.

கும்பகத்தோடு பந்தங்கள் எனப்படும் மூன்று உடற்பூட்டுகள் சேர்கின்றன. இயல்பில் கீழ்நோக்கிச் செல்லும் அபானனை, குதத்தைச் சுருக்கும் மூலபந்தம் மேல்நோக்கித் திருப்புகிறது. மேல்நோக்கிச் செல்லும் பிராணனை, முகவாயை நெஞ்சில் பதிக்கும் ஜாலந்தர பந்தம் தடுத்துக் கீழே அனுப்புகிறது. வயிற்றை உள்ளிழுக்கும் உட்டியாண பந்தம் இரண்டையும் நடுவழிக்குத் தள்ளுகிறது. ஒன்றையொன்று விலகி ஓடிக்கொண்டிருந்த இரு காற்றுகளும் வயிற்றுத் தீயில் சந்திக்கும்போது அந்தத் தீ நீண்டு வளர்கிறது. அந்த வெப்பம் உறைத்ததும் குண்டலினி விழிக்கிறாள். கோலால் அடிபட்ட பாம்பு விறைத்துக் கோலைப் போலவே நேராவதைப் போல அவள் நிமிர்கிறாள் என்பது பிரதீபிகை தரும் உவமை. ஔவையார் சொன்ன மூண்டெழு கனலும் அதைக் காலால் எழுப்புவதும் இங்கே அப்படியே வந்து பொருந்துவதைக் காணலாம்.

மூச்சை வலிந்து நிறுத்தாமலே இதே இடத்துக்குச் செல்லும் வழியும் உண்டு. ஒரு நாளில் மனிதன் விடும் மூச்சு 21,600 என்பது யோக நூல்களின் கணக்கு, நிமிடத்துக்குப் பதினைந்து. உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் அம்மூச்சு 'ஹம்ச' என்று ஒலித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் செபிக்காமல் தானே நடக்கும் இந்தச் செபமே அசபை என்கிறார்கள். செய்ய வேண்டியது அதைக் கவனிப்பது மட்டும். சித்தர்கள் மூச்சை வாசி என்பார்கள். அச்சொல்லைத் திருப்பிப் போட்டால் சிவா என்று வரும். வெறும் சொல் விளையாட்டாகத் தோன்றும் இதற்குள் திசை திரும்புதல் என்ற முழுக் கொள்கையும் அடங்கியிருக்கிறது. இவை தவிர, மந்திரத்தாலும் பக்தியாலும் குருவின் தீட்சையாலும் குண்டலினி எழுவதாகச் சொல்லும் மரபுகளும் உள்ளன. காஷ்மீர சைவம் முயற்சியைவிட அருளுக்கே முதலிடம் தருகிறது. இராமகிருஷ்ண பரமஹம்சர் இந்த எழுச்சியைத் தாம் உணர்ந்த விதத்தை எறும்பு ஊர்வது, பாம்பு நெளிவது, குரங்கு தாவுவது, பறவை பறப்பது என்று உவமித்துப் பேசியிருக்கிறார். இதழ் எண்ணிக்கையைவிட அந்த எளிய உவமைகள் அதிகம் சொல்லுகின்றன.

ஏறும் வழி சீரானதன்று. மூலாதாரத்தில் பிரம முடிச்சு, நெஞ்சில் விஷ்ணு முடிச்சு, புருவ நடுவில் உருத்திர முடிச்சு என மூன்று முடிச்சுகளை அவிழ்த்தாக வேண்டும். நூலுக்கு நூல் இவற்றின் இடங்கள் சற்று மாறினாலும், உடலின் மேலுள்ள பற்று, உறவுகளின் மேலும் உணர்ச்சிகளின் மேலுமுள்ள பற்று, பெற்ற அறிவின் மேலும் ஆற்றலின் மேலுமுள்ள பற்று என்று இவற்றுக்குப் பொதுவாகப் பொருள் சொல்லப்படுகிறது. சித்திகளைப் பற்றிய பேச்சுக்கு உரிய இடம் இந்த மூன்றாவது முடிச்சுதான். வழியில் கிடைத்ததைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவனுக்கு அதற்கு மேல் வழி திறப்பதில்லை.

உச்சியை ஒருமுறை தொட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் நூல்கள் சொல்லவில்லை. இந்த இடத்தைப் பலரும் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். சௌந்தரிய லகரி 9ஆம் சுலோகத்தில் தேவி ஆறு தாமரைகளையும் பிளந்துகொண்டு ஏறி, ஆயிரம் இதழ்த் தாமரையில் தன் தலைவனோடு கூடுகிறாள். அடுத்த சுலோகத்திலேயே அங்கிருந்து வழியும் அமுதத்தால் நாடிகளையெல்லாம் நனைத்தபடி தன் இடத்துக்குத் திரும்பி இறங்கி, மூன்றரைச் சுற்றுப் பாம்பாகச் சுருண்டு மறுபடியும் உறங்குகிறாள். ஏறுவதும் இறங்குவதும் பலமுறை நிகழ வேண்டும். மேலே தங்கும் நேரம் மெல்ல மெல்ல நீள வேண்டும். இறங்கி வரும்போது கரைந்திருந்த பூதங்களும் புலன்களும் மீண்டும் தோன்றுகின்றன, ஆனால் அமுதத்தில் நனைந்து தோன்றுகின்றன. உடலை வெறுத்து அதைவிட்டு ஓடுகிற துறவு இதில் இல்லை. "உடம்பை வளர்த்தேன் உயிர்வளர்த் தேனே" என்று திருமூலர் சொன்னதன் பொருளையும் இங்கே வைத்துத்தான் படிக்க வேண்டும்.

தமிழ்ச் சைவத்துக்குள்ளேயே இதற்கு மறுபக்கம் உண்டு என்பதையும் சொல்லாமல் விட முடியாது. சைவ சித்தாந்த சாத்திரங்களில் குண்டலினி, குடிலை, விந்து, மகாமாயை ஆகியவை சுத்த மாயையின் பெயர்கள். சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என்று நுண்மையிலிருந்து வெளிப்படும் பேச்சு வரையிலான நால்வகை வாக்கும் அதிலிருந்தே தோன்றுகின்றன. ஆனால் சுத்த மாயை அறிவற்ற சடம், அறிவுடைய சிவசத்தியன்று. ஆகவே குண்டலினியையே பரம்பொருளின் சத்தியாகக் கொள்ளும் சாக்தருக்கும், அதை உலகின் முதற்காரணமான சடப்பொருளுக்குப் பெயராக வழங்கும் சித்தாந்திக்கும் இடையே சொல் ஒன்று, பொருள் வேறு. சித்தாந்தத்தில் யோகம் மூன்றாம் படி. சரியை என்னும் திருத்தொண்டுக்கு இறைவன் உலகில் இருக்கும் சாலோகமும், கிரியை என்னும் பூசைக்கு அவன் அருகில் இருக்கும் சாமீபமும், யோகத்துக்கு அவன் வடிவம் பெறும் சாரூபமும் பேறு. அவனோடு ஒன்றும் சாயுச்சியம் ஞானத்துக்கு மட்டுமே. அந்தக் கணக்கில், மூச்சை அடக்கி உச்சி வரை சென்ற யோகியும் இறைவனைப் போன்ற வடிவம் பெறுகிறானே தவிர இரண்டறக் கலப்பதில்லை. உயிரைக் கட்டியிருக்கும் மலம் பக்குவப்பட்டு, சத்திநிபாதம் என்னும் அருள் பதிவு நிகழ்ந்து, ஞானம் வாய்க்க வேண்டும். இரமண மகரிஷியும், நான் யார் என்று தன்னை நாடுபவனுக்குக் குண்டலினியைத் தனியே எழுப்ப வேண்டிய தேவை இல்லை என்ற கருத்துடையவராகவே இருந்தார். குண்டலினி யோகம் வழிகளுள் ஒன்று. அதுவே ஒரே வழி என்பது விளம்பரம்.

20ஆம் நூற்றாண்டில் இந்த வழி பலவிதமாகத் திரிந்தும் விரிந்தும் போயிற்று. 1932இல் சூரிச்சில் குண்டலினி யோகத்தைப் பற்றிச் சொற்பொழிவாற்றிய உளவியலாளர் கார்ல் யுங், சக்கரங்களை மனத்தின் வளர்ச்சிப் படிகளாக விளக்கினார். 1960களின் இறுதியில் வட அமெரிக்கா சென்ற யோகி பஜன், வேகமான மூச்சும் அசைவும் மந்திரமும் கலந்த ஒரு முறையைக் குண்டலினி யோகம் என்ற பெயரில் பரப்பினார்; இன்று மேற்கில் அப்பெயரால் பெரிதும் அறியப்படுவது அதுவே. தமிழ்நாட்டில் நெசவுக் குடும்பத்தில் 1911இல் பிறந்த வேதாத்திரி மகரிஷி, இல்லறத்தாருக்கு ஏற்ற எளியமுறைக் குண்டலினி யோகத்தை அமைத்தார். அதில் கடினமான பிராணாயாமமோ பந்தங்களோ முதன்மையானவை அல்ல. ஆசிரியரின் தொடு உணர்வைக் கொண்டு புருவ நடுவில் மனத்தை நிறுத்தும் ஆக்கினைத் தவத்தில்தான் பயிற்சி தொடங்குகிறது. அங்கே அழுத்தம் மிகுந்தால், மனத்தை மீண்டும் மூலாதாரத்துக்கு இறக்கி வைக்கும் சாந்தி தவம் உடன் கற்பிக்கப்படுகிறது. ஏற்றிவிட மட்டும் கற்றுக்கொண்டு இறக்கத் தெரியாமல் இருப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை உணர்ந்த ஒருவர் செய்த ஏற்பாடு அது.

அந்த ஆபத்துக்குக் கோபி கிருஷ்ணாவின் வாழ்க்கை எடுத்துக்காட்டாக அடிக்கடி சொல்லப்படுகிறது. ஜம்முவில் அரசு ஊழியராக இருந்த அவர், குருவின் துணையின்றிப் பல ஆண்டுகள் தலையுச்சியில் தியானம் செய்துவந்தார். 1937 டிசம்பரில் ஒருநாள் விடியலில், முதுகந்தண்டின் வழியே ஒளி வெள்ளம் ஒன்று பெரு முழக்கத்தோடு மூளைக்குள் பாய்வதை உணர்ந்தார். தொடர்ந்து வந்தது பேரானந்தமன்று. உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, உள்ளே எரியும் தாங்க முடியாத வெப்பம், பித்துப் பிடித்துவிடுமோ என்ற அச்சம். சத்தி சுழுமுனையில் ஏறாமல் பிங்கலையில் ஏறிவிட்டதாக அவர் எண்ணினார். இடகலையின் குளிர்ச்சியை மனத்தால் வரவழைத்த பிறகே உயிர் தப்பியதாக எழுதுகிறார். அவர் தந்த விளக்கத்தை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். அவர் பட்ட துன்பம் மெய். தீவிரமான தியானத்தாலும் மூச்சுப் பயிற்சியாலும் சிலருக்கு மனநிலை குலைவதை மருத்துவ உலகமும் கவனித்திருக்கிறது. 1994இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் நான்காம் பதிப்பு, சமய அல்லது ஆன்மிகச் சிக்கல் என்பதை நோய் அல்லாத ஒரு தனி வகையாகச் சேர்த்துக்கொண்டது. ஆனால் எது ஆன்மிகச் சிக்கல், எது சிகிச்சை வேண்டிய நோய் என்று பயிற்சி செய்பவர் தாமே முடிவு செய்துவிட முடியாது. உறக்கம் பல நாள் கெட்டு, யாரோ பேசும் குரல்கள் கேட்கத் தொடங்கினால், குண்டலினி எழுகிறாள் என்று மகிழ்ந்துகொண்டிராமல் மருத்துவரிடம் போக வேண்டும். வலிப்பு, இதய நோய், மனநோய் உள்ளவர்களுக்குக் கடுமையான கும்பகம் ஆகாது.

குரு வேண்டும் என்று மரபு வற்புறுத்துவதை மறைபொருளைக் காக்கும் பிடிவாதமாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. உள்ளே நடப்பதை வெளியிலிருந்து பார்த்து, இது போதும், இறங்கு என்று சொல்ல ஒருவர் வேண்டும். அதே சமயம், தொட்டவுடன் எழுப்பித் தருகிறேன் என்பவரிடமும், பட்ட அனுபவத்துக்குச் சான்றிதழ் தருகிறவரிடமும் எச்சரிக்கை தேவை. முதுகில் ஊர்வதோ, நெற்றியில் துடிப்பதோ, கண்ணை மூடினால் ஒளி தெரிவதோ அளவுகோல் ஆகாது. இந்த யோகத்தின் நோக்கம் ஒடுக்கம் என்றால், கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நான் என்பது கரைந்திருக்கிறதா, அல்லது குண்டலினி எழுந்தவன் என்ற புதுப் பட்டத்தோடு இன்னும் பருத்திருக்கிறதா?

அகவலில் இதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஆறாதாரம், இடைபிங்கலை, சுழுமுனை, நான்றெழு பாம்பு, குண்டலி, கனல், அமுத நிலை என்று அடுக்கிக்கொண்டே வரும் ஔவையார் கபால வாயில் வரை போகிறார். அங்கிருந்து பேச்சின் பொருளே மாறிவிடுகிறது. "என்னை அறிவித்து எனக்கருள் செய்து" என்கிறார். முன்வினையின் வேர் களையப்பட்டதைச் சொல்கிறார். "வாக்கும் மனமும் இல்லா மனோலயம்" தமக்குள் தேங்கியதைச் சொல்கிறார். அதன் பிறகு பாட்டு முடியும்வரை குண்டலி என்ற சொல் மீண்டும் வரவில்லை.